பாதி வலையும் பாரைத் தலையும்

முன்னொரு காலத்தில், அதாவது கடலுக்கும் வேலி கட்டிவிடலாம் என்று பெரிய மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கடலோரமாக ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம். சொன்னால் அந்தச் சீமைக்காரர் யாராவது கம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்த நாட்டை மகுடவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர். கோபம் வந்துவிட்டால் மட்டும் யோசிக்க மாட்டார். யோசிக்க ஆரம்பித்தாலோ உடனே கோபம் வந்துவிடும்.

அந்தக் கடற்கரையில் மொத்தம் ஏழு நாடுகள்; வடகோடியில் இருந்தது மகுடவர்மருடையது. ஏழும் சேர்ந்து 'ஏழுகரைக் கூட்டு' என்று ஒன்றை வைத்திருந்தன. யார் படகும் யார் கடலிலும் போகலாம். யார் மீனும் யார் சந்தையிலும் விற்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை ஏழு ராஜாக்களும் ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். அந்த விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. குழம்பில் கிடக்கும் பெரிய பாரை மீனின் தலை, சபையில் மூத்தவர் இலையில்தான் விழவேண்டும்.

அந்த வருடம் தலை, தெற்கே அடுத்த நாட்டு ராஜாவின் இலையில் விழுந்தது. அவர் மகுடவர்மரைவிடப் பன்னிரண்டு நாள் மூத்தவராம். மகுடவர்மருக்கு வால் துண்டு வந்தது. அவர் வாலைப் பார்த்தார். பக்கத்து இலையில் கிடந்த தலையைப் பார்த்தார். தலை தன்னைப் பார்த்துக் கேலி செய்வதுபோல அவருக்குத் தோன்றிவிட்டது.

"இந்தக் கூட்டில் இனி நான் இல்லை!" என்று எழுந்தார். கையில் ஒட்டியிருந்த குழம்பு காய்வதற்குள் அவருடைய ரதம் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

மறுநாள் அரசவை கூடியது. "நாம் செய்தது சரிதானே?" என்று கேட்டார் ராஜா.

"மகாராஜா செய்தது என்றைக்குத் தவறியிருக்கிறது?" என்றார் தலைமை மந்திரி நீலகண்ட ராயர். எல்லாத் தலைகளும் ஆடின. ஒரு தலை மட்டும் ஆடவில்லை. அது பலவேசத்தின் தலை.

பலவேசம் அரண்மனை விகடன். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவனுக்கு உத்தியோகம். ராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஆகாமல் போனதிலும் ஒரு நியாயம் இருந்தது. இருபது வருடமாக ராயர் வாய் வலிக்கப் புகழ்ந்தும் ராஜா அவரைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. பலவேசம் தும்மினாலே சிரித்துவிடுவார்.

"பலவேசம், நீ ஏன் சும்மா இருக்கிறாய்?"

"மகாராஜா, கூட்டைவிட்டு நாம் வெளியே வந்தாயிற்று. இதை மீன்களுக்கு யார் போய்ச் சொல்வது என்று யோசிக்கிறேன்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ராயர் சிரிக்கவில்லை. அவர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"விகடன் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் பெரிது. மீன்களுக்கும் அயலாருக்கும் தெரியும்படி ஒரு செப்புப் பட்டயம் வெட்டிவிடலாம், மகாராஜா" என்றார். அன்றைக்கே வெட்டியும்விட்டார்கள். அதில் மூன்று வரிகள் இருந்தன. 'நம் கடலில் வாழும் மீன் ஒவ்வொன்றும் நம் குடி, அதன்மேல் கை வைப்பவர் நம் குடிமேல் கை வைத்தவர். அயலார் மீன் நம் எல்லைக்குள் வரலாகாது. நம் மீன் அனுமதியின்றி எல்லை கடக்கலாகாது.'

ஏழுகரைக் கூட்டார் சும்மா இருப்பார்களா? உறுப்பினர் ஆறுபேர் ஆகிவிட்டாலும் பெயரை மாற்ற மனம் வராமல் 'ஏழுகரை' என்றே வைத்துக்கொண்டு, அவர்களும் ஓர் ஓலை அனுப்பினார்கள். 'உங்கள் நாட்டு மண்ணிலிருந்து வரும் மீன் எங்கள் சந்தைக்குள் நுழையலாகாது.'

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அதைத் தலைப்பாகை கட்டிய ஒருவரும் கவனிக்கவில்லை. நம் மகுடவர்மர் நாட்டுக் கடலில் கிடைப்பது பெரும்பாலும் சாளை மீன். நம் ஜனங்கள் சாளையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தெற்கத்தியார்தான் உயிரை விடுவார்கள். நம் ஜனங்கள் உயிரை விடுவது பாரைக்கு. பாரை கிடப்பதோ தெற்கே, அவர்களுடைய பாறைக்கடலில். இரண்டு தடையும் சேர்ந்து, அவரவருக்குப் பிடிக்காத மீனை அவரவர் தலையில் கட்டிவிட்டன.

ஏழுகரைத் தூதர் சடகோபர் குடையும் கையுமாகப் பேச்சுவார்த்தைக்கு வந்தார். முதல் மாதம் பாயை எந்தத் திசையில் விரிப்பது என்று பேசினார்கள். இரண்டாம் மாதம் பாய் வேண்டுமா, ஜமுக்காளமா என்று பேசினார்கள். எதைக் கேட்டாலும் சடகோபர், "ஆறு பேரையும் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

அதற்குள் ராயர் இன்னொரு காரியம் செய்தார். கூட்டுச் சொத்தையெல்லாம் சரிபாதி பிரிக்கவேண்டும் என்று கிளம்பியவர், நாட்டின் தெற்கு எல்லையில் ஆறு கடலில் விழும் முகத்துவாரத்துக்கு வந்துசேர்ந்தார். அங்கே ஒரு கரைவலை இருந்தது. வடகரையில் நம் குப்பம், தென்கரையில் அவர்கள் குப்பம். இரண்டு குப்பத்துக்கும் அது பொதுவலை. படகில் கொண்டுபோய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, ஒரு கயிற்றை வடகரையாரும் மறு கயிற்றைத் தென்கரையாரும் பிடித்து ஒரே நேரத்தில் இழுப்பார்கள். வலையின் நடுவில் பெரிய பைபோல ஒரு மடி இருக்கும். மீன் எல்லாம் ஓடிவந்து அந்த மடியில்தான் சேரும்.

ராயர் மீனைச் சட்டிக்கு வெளியே பார்த்தறியாதவர். ஆனால் நியாயஸ்தர். நூல் பிடித்து அளந்து, வலையைச் சரிபாதியில், சரியாக மடியின் நடுவே, கத்தியை வைத்து வெட்டி, ஆளுக்குப் பாதி என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் பலவேசத்தின் வீட்டு வாசலில் அந்தப் பாதி வலை வந்து விழுந்தது. கொண்டுவந்து போட்டவர் கடற்கரையாண்டி. வடகரைக் குப்பத்துக்குத் தலைவர், பலவேசத்தின் மனைவி உலகம்மைக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்ளே, இதப் பாருங்க. மடி போன வலை. இப்படி நுழையுத மீனு அப்படி வெளிய போயி, நமக்கு ஒரு கும்புடும் போட்டுட்டுப் போவுது. எளவு, மீனுக்குக்கூட நம்மளக் கண்டு பயமில்லாமப் போச்சு."

"தூண்டில் போட்டுப் பாத்தீகளா, மச்சான்?"

"போட்டதுல அரமணைக்கு அனுப்புதது போக மிச்சம் என்ன இருக்கு? இருக்குத சாளையையும் வாங்க ஆளில்ல. மண்ணுல கெடந்து நாறுது. வார அமாவாசைக்குள்ள ஒரு முடிவு தெரியலன்னா, அறுவது குடியும் சட்டி பானையக் கட்டிட்டுக் கெளம்புதோம். எங்கயாவது உப்பளத்துல மண்ணு சொமப்போம்."

உலகம்மை உள்ளிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "எங்க அண்ணன் வீட்டு அடுப்புல பூனை படுத்துக் கெடக்கு. நீங்க ராசாவுக்குச் சிரிப்புக் காட்டிட்டு இருக்கீக" என்றாள்.

பலவேசத்துக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதைவிட, அவள் அறியாத ஒன்றுதான் அவனை அறுத்தது. மீன்களுக்கு யார் சொல்வது என்று அன்றைக்கு விகடம் பேசியது அவன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் பட்டயம் பிறந்தது. ஒரு மனிதன் பிழைப்புக்காகச் செய்த வேடிக்கை அறுபது வீட்டு அடுப்பை அணைத்துவிட்டது. அன்று அவன் சாப்பிடாமலே அரண்மனைக்குப் போனான்.

அங்கே ராயர் அவனுக்காகவே காத்திருந்தார்.

"மகாராஜா, பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகிறது. நம் பலவேசத்தின் வாய்ச் சாமர்த்தியம் நாடறிந்தது. அவன் மனைவியும் மீனவர் மகள். அவனையே பேசச் சொல்லலாமே" என்றார், தேன் தடவிய குரலில்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "பலவேசம், கேள். பட்டயத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. ஏழுகரையார் கை நம் கடல் மீனின் மேல் படக் கூடாது. ஆனாலும் நம் சாளையை அவர்கள் கொள்ளவேண்டும். பாரைத் தலை நம் இலைக்கு வரவேண்டும். மூன்று நாள் தருகிறேன்."

"தவறினால், ஐந்து குடுமி வைத்துக் கழுதைமேல் ஏற்றி, குப்பத்தாரோடு சேர்த்து நாடு கடத்திவிடலாம்" என்று ராயர் எடுத்துக்கொடுத்தார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, யோசிக்காமல்.

பலவேசம் பயத்தை விழுங்கிக்கொண்டு ஒன்று கேட்டான். "மகாராஜா, பட்டயம் வெட்டி ஐந்து மாதமாகிறது. அதை இன்னும் ஒருவரும் எழுத்துக்கு எழுத்து நடத்திப் பார்க்கவில்லை. இந்த மூன்று நாளும் அதை நடத்தும் அதிகாரத்தை அடியேனுக்குத் தரவேண்டும். யாராக இருந்தாலும் கட்டுப்படவேண்டும்."

"தந்தேன்" என்று ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

முதல் நாள் மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலையில் வெள்ளையாக ஏதோ விழுந்தது.

"இது என்ன?"

"வாழைத்தண்டு, மகாராஜா" என்றான் பக்கத்தில் நின்ற பலவேசம்.

"மீன் எங்கே?"

"பத்திரமாக இருக்கிறார்கள்."

"இருக்கிறார்களா?"

"தங்கள் குடிகள் ஆயிற்றே. காலையில் தூண்டிலில் சிக்கி வந்தவர்களை முற்றத்தில் அண்டாவில் கடல்நீர் ஊற்றிக் குடிவைத்திருக்கிறேன். சமையல்காரர் ஒருவரை நறுக்கப் போனார். குடிமேல் கை வைத்த குற்றத்துக்காக அவரைத் தூணில் கட்டியிருக்கிறேன். குடிகளைக் குழம்பு வைத்த ராஜா என்று நாளைக்கு ஊர் பேசினால் நன்றாகவா இருக்கும்?"

ராஜாவின் மீசை துடித்தது. "சரி, ஏழுகரைப் பாரை ஒன்று கொண்டுவரச் சொல்."

"அவர்கள் அயலார், மகாராஜா. எல்லைக்குள் வரலாகாது. பட்டயத்தின் இரண்டாம் வரி."

ராயர் ஓடி வந்தார். "மகாராஜா, குடிகள் அரசனுக்கு உடல், பொருள், ஆவி மூன்றையும் தரக் கடமைப்பட்டவர்கள். மீன்கள் மனமுவந்து தருவார்கள்" என்றார்.

"அருமையான பேச்சு. தருவதாக அவர்கள் வாயால் சொல்லிவிட்டால் போதும். பெரியவர் தாமே விசாரிக்கட்டும்" என்றான் பலவேசம்.

அண்டாவை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ராயர் பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "குடிகளே! உங்கள் உடலை மகாராஜாவுக்குத் தரச் சம்மதமா?"

ஒரு சாளை மேலே வந்து வாயைத் திறந்தது.

"திறந்துவிட்டது! சம்மதம்!" என்று ராயர் கூவினார்.

"மூடியும்விட்டதே. மனம் மாறிவிட்டார்போல" என்றான் பலவேசம். மீன் திறந்து திறந்து மூடியது. ராயர் சம்மதம், சம்மதம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது, பசியும் முட்டியது. வாழைத்தண்டைத் தின்றுவிட்டுப் படுத்தார்.

இரண்டாம் நாள் பட்டயத்தின் மூன்றாம் வரி அமலுக்கு வந்தது. அனுமதியில்லாமல் எல்லை கடக்கும் குடிகளைத் தடுக்க ஓர் அதிகாரி வேண்டும். பட்டயத்தை எழுதியவரைவிடத் தகுதியானவர் யார்? ராயரைக் குடையோடும் ஓலைச்சுவடியோடும் ஒரு கட்டுமரத்தில் உட்காரவைத்து, எல்லையில் நட்டிருந்த கொடிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாவம், அவருக்குக் குளத்துப் படகே ஒத்துக்கொள்ளாது. மாலையில் அவரைக் கைத்தாங்கலாக அரசவைக்கு அழைத்து வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது.

"காலை நீரோட்டத்தில் ஆயிரக்கணக்கான குடிகள் நாட்டைத் துறந்து தெற்கே போயின, மகாராஜா. நில் என்றேன். நிற்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தன. போனவைதான் வந்தனவா என்று அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே முகம்" என்று முனகினார்.

"இன்னொன்றையும் சொல்லுங்கள், பெரியவரே" என்றான் பலவேசம்.

"தெற்கேயிருந்து பெரிய பெரிய பாரைகள் எல்லை தாண்டி வந்து, நம் குடிகளைத் துரத்தித் துரத்தி விழுங்கின."

"என்ன? என் எல்லைக்குள் புகுந்து என் குடிகளை விழுங்குகிறதா?" ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். "எத்தனை பாரை? எவ்வளவு பெரியது?" என்று கேட்டபோது அவர் குரலில் கோபம் பாதி, எச்சில் பாதி. "நாளைக்கு நானே வருகிறேன்!"

மூன்றாம் நாள் காலையில் ராஜா பரிவாரத்தோடு முகத்துவாரத்தில் வந்து நின்றார். வடகரைக் குப்பத்தில் வீடுகள் திறந்து கிடந்தன. சட்டி பானைகள் மூட்டையாகக் கட்டி வாசலில் இருந்தன. மறுநாள் அமாவாசை. அண்ணன் வீட்டு மூட்டைமேல் வந்து உட்கார்ந்திருந்த உலகம்மை பலவேசத்தை ஏறிட்டுப் பார்த்தாள். இன்று பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால், இவர்கள் நடந்து போகும் வழியில் அவன் கழுதைமேல் போகவேண்டியதுதான்.

கடலில் தண்ணீர் பளபளவென்று கொதித்தது. சாளைக் கூட்டம். அதன் பின்னால் பாரைகள் முதுகு தெரியப் பாய்ந்தன.

"அதோ! பிடியுங்கள்! வலை எங்கே?" என்று ராஜா கத்தினார்.

"பிடிக்கலாம், மகாராஜா. கயிற்றில் கை வைப்பது மீனில் கை வைப்பதாகாது, பட்டயத்துக்குப் பழுதில்லை. ஆனால் ஆள் குறைவாக இருக்கிறது" என்றான் பலவேசம்.

"நானே இழுக்கிறேன்!"

"அப்படியானால் தாங்கள் கயிற்றின் கடைசி முனையில் நிற்கவேண்டும். கயிறு முடியும் இடம் தங்கள் கையில் இருக்கட்டும்."

அது கௌரவமான இடம்போலிருக்கிறது என்று ராஜா நினைத்துக்கொண்டார். கடற்கரையாண்டி முன்னால் நின்றார். நடுவில் குப்பத்தார். கடைசியில் ராஜா, பீதாம்பரத்தைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஈரக் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தார். உள்ளங்கை சிவந்தது. கயிற்றிலிருந்து தெறித்த தண்ணீர் வாயில் உப்பை ஊற்றியது. கடைசியில் பாதி வலை கரைக்கு வந்தது. அதில் கொஞ்சம் பாசி இருந்தது. வழவழவென்று, தின்ன உதவாத ஒரு சொறிமீன் இருந்தது.

எதிர்க்கரையிலும் அதே கூத்து. அங்கே, பேச்சுவார்த்தையை விட்டு ஊர் திரும்பியிருந்த தூதர் சடகோபர் குடையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தென்கரைக் குப்பத்தாரோடு கடைசி ஆளாக நின்று தங்கள் பாதி வலையை இழுத்துப் பார்த்திருந்தார். சாளை இல்லாமல் ஆறு ராஜாக்களும் அவரைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குக் கிடைத்ததும் பாசிதான். ராஜா அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு தம் காலடியில் கிடந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பலவேசம், அவ்வளவு மீனும் எங்கே போயிற்று?"

"வந்த வழியே போய்விட்டது. வலைக்கு மடி இல்லை, மகாராஜா."

"மடியை யார் எடுத்தது?"

எல்லாரும் ராயரைப் பார்த்தார்கள். ராயர் கடலைப் பார்த்தார்.

கடற்கரையாண்டி இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "மகராசா, தப்பாச் சொன்னா மன்னிக்கணும். நாம கூட்டுல இருக்கமா, வெளிய வந்துட்டமா, அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வடக்குக் கயிறு எங்க அப்பன் புடிச்சது. தெக்குக் கயிறு அவுக அப்பன் புடிச்சது. நடுவுல மடி. ஒருத்தர் விட்டா ரெண்டு பேருக்கும் இல்ல. பெரியவரு நடுவுல வெட்டிட்டுப் பாதி பாதின்னு குடுத்தாரு. இந்தப் பாதிய வச்சு நாங்க என்ன செய்ய? கொசுவலையா கட்ட?"

ராஜா வாசலில் இருந்த மூட்டைகளை அப்போதுதான் கவனித்தார். அவர் முகம் வாடிவிட்டது. பலவேசத்தைத் தனியே அழைத்தார்.

"தவறு செய்துவிட்டேன் போலிருக்கிறதடா. ஆனால் செம்பில் வெட்டியதை எப்படி மாற்றுவேன்? ஏழுகரையார் ஏழு தலைமுறைக்குச் சிரிப்பார்களே."

"மாற்றவே வேண்டாம், மகாராஜா. படித்தால் போதும்" என்றான் பலவேசம். "பட்டயம் என்ன சொல்கிறது? நம் கடலில் வாழும் மீன் நம் குடி. அதோ பாருங்கள்."

கடல் வற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கரைக்கும் நடுவே ஒரு மணல்திட்டு மெல்ல முதுகைக் காட்டியது.

"அந்தத் திட்டு பாதி நாள் மண், பாதி நாள் கடல். அதை நாமும் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை. வலையை ஒன்றாக்கி, இரண்டு கயிற்றையும் அந்தத் திட்டில் கொண்டுவந்து சேர்த்தால், மீன் மணலில் வந்து விழும். மணலில் கிடக்கும் மீன் நம் கடலில் வாழும் மீன் அல்ல. ஆகவே அது தங்கள் குடியல்ல. தாராளமாகக் குழம்பு வைக்கலாம். அது யார் எல்லைக்குள்ளும் கிடக்காததால், நாம் கொண்டுபோகும்போது அயலார் மீனுமல்ல, ஆளில்லா மணலில் கிடைத்த மீன். தண்ணீரில் இருக்கும்வரை ஏழுகரையார் கை கயிற்றின் மேல்தான் இருக்கும், மீனின் மேல் படாது. ஓர் எழுத்தும் மாறவில்லை."

ராஜா வாயைப் பிளந்தார். பிறகு எதிர்க்கரையை நோக்கிக் கையைக் குவித்து, "தூதரே! வலையை ஒன்றாகத் தைத்து இந்தத் திட்டில் இழுக்கச் சம்மதமா?" என்று கத்தினார்.

"ஆறு பேரையும் கேட்டு…" என்று ஆரம்பித்தார் சடகோபர்.

"சுவாமி!" என்று பலவேசம் குறுக்கிட்டான். "உங்கள் ஓலை எங்கள் நாட்டு மண்ணிலிருந்து வரும் மீனைத்தானே தடுக்கிறது? இந்தத் திட்டு எங்கள் மண் என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒருக்காலும் இல்லை!" என்றார் சடகோபர், பட்டென்று.

"அப்படியானால் அதில் விழும் சாளையை எடுத்துப்போக எந்தத் தடையும் இல்லையே?"

சடகோபர் வாயைத் திறந்தார், மூடினார். அண்டாவில் இருந்த மீன்போலவே இருந்தது. பிறகு, "இதில் கேட்பதற்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

மடியைத் தைக்கவேண்டுமே? வெட்டியவர்தான் தைக்கவேண்டும் என்று ராஜா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். உலகம்மை மூட்டையை அவிழ்த்து வலை ஊசியை எடுத்தாள். இரண்டு கரைப் பெண்களும் திட்டில் வட்டமாக உட்கார, நடுவில் ராயர். "பெரியவரே, வலைக்கண்ணு பெருசா விழுது. சாளை போயிரும். பிரிச்சுட்டு மறுபடியும் போடுங்க" என்று உலகம்மை மூன்று தடவை பிரிக்கவைத்தாள். ஊசி குத்தாத விரல் அவருக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு வலை இறங்கியது. வடக்குக் கயிற்றின் கடைசியில் மகுடவர்மர். தெற்குக் கயிற்றின் கடைசியில் சடகோபர். "ஏலேலோ" என்று கடற்கரையாண்டி குரல் கொடுக்க, இரண்டு கரையும் பதில் குரல் கொடுத்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு மடி கனத்து வந்தது. திட்டில் அவிழ்த்து விட்டபோது வெள்ளி கொட்டியதுபோலச் சாளை; அதைத் துரத்தி வந்து கூடவே மாட்டிக்கொண்ட பாரைகள் இருபது முப்பது. தென்கரையார் சாளையைக் கூடை கூடையாக அள்ளினார்கள். வடகரையார் பாரையைத் தூக்கித் தோளில் போட்டார்கள். ஒரு பேச்சுவார்த்தையும் நடக்கவில்லை. கடற்கரையாண்டி அழுதார்; அழுகிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

திட்டிலேயே அடுப்பு மூட்டினார்கள். உலகம்மை புளியைக் கரைத்து மிளகாயை அரைத்துக் குழம்பு வைத்தாள். இலை விரிந்தது. அவள் அகப்பையோடு நேராக வந்து, பெரிய பாரைத் தலை ஒன்றை மகுடவர்மர் இலையில் வைத்தாள். இன்னொன்றைச் சடகோபர் இலையில் வைத்தாள். சடகோபர் வழக்கம்போல "ஆறு பேரையும்…" என்று தொடங்கினார். குழம்பு மணம் மூக்கில் ஏறவே, வாக்கியத்தை முடிக்காமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ராஜா கண்ணைச் சப்பினார், கன்னத்தைப் பிய்த்தார், எலும்பை உறிஞ்சினார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பார்த்தாயா பலவேசம்! மரியாதை என்றால் இதுதான் மரியாதை. சபையில் முதல்வன் யார் என்று இந்தக் குப்பத்தாருக்காவது தெரிந்திருக்கிறது."

பலவேசம் தலையைச் சொறிந்தான். "மகாராஜா, அபயம் தந்தால் ஒன்று சொல்லட்டுமா?"

"சொல்."

"இந்தக் குப்பத்து வழக்கமே வேறு. இங்கே தலை முதல் ஆளுக்குக் கிடையாது. கயிற்றின் கடைசி ஆளுக்குத்தான். கடைசியில் நிற்பவர்தான் ஈரக் கயிறு முழுவதையும் சுருட்டுவார், வலை கரையேறிய பிறகும் அவர் வேலை முடியாது, எல்லாருக்கும் பிறகுதான் சாப்பிட உட்காருவார். பசி அவருக்குத்தான் அதிகம் என்று முன்னோர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்."

ராயர் காயம்பட்ட விரல்களை ஊதுவதைக்கூட நிறுத்திவிட்டார். ராஜா சப்பிப்போட்ட எலும்பைப் பார்த்தார். தம் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்படியானால், முதலாவதாக இல்லை என்று கோபித்துக்கொண்டு கூட்டைவிட்டு வந்தவன், கடைசியாக நின்றதற்காகத் தலையைத் தின்றிருக்கிறேனா?"

"ஆமாம், மகாராஜா. ஒரு துண்டு மிச்சம் வைக்காமல்."

ராஜாவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. மணலில் உருண்டு சிரித்தார். கிரீடம் ஒரு பக்கம் போயிற்று. அவரைப் பார்த்துச் சடகோபர் சிரித்தார், இரண்டு குப்பமும் சிரித்தது. ராயர்கூட, வேறு வழியில்லாமல், லேசாகச் சிரித்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக ராஜா அவரைப் பார்த்தும் சிரித்தார். ராயருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பலவேசத்தின் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"வலையை வெட்டிய கத்தி வேண்டும், மகாராஜா."

"கத்தியா? எதற்கு?"

"அது அரண்மனையில் இருந்தால் இன்னும் எதையாவது பாதியாக்கும். எங்கள் வீட்டில் இருந்தால் மீன் நறுக்கும்."

உலகம்மை அன்று மாலையே அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அறுபது குடியும் மூட்டையை அவிழ்த்தன. கடற்கரையாண்டி வீட்டு அடுப்பிலிருந்து பூனையை விரட்டப் பெரும்பாடு பட்டார்கள். அது அந்த இடத்துக்குப் பழகிப்போயிருந்தது.

மகுடவர்மர் கூட்டில் திரும்பச் சேர்ந்தாரா என்று கேட்பீர்கள். சேரவில்லை. செப்புப் பட்டயம் ஓர் எழுத்தும் மாறாமல் இன்றைக்கும் அரண்மனைச் சுவரில் தொங்குகிறது. ஆனால் சடகோபர் போய்ச் சொன்னாரோ, குழம்பின் மணம்தான் போய்ச் சொன்னதோ, அடுத்த வருடம் மற்ற ஆறு ராஜாக்களும் அந்த மணல்திட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கயிற்றின் கடைசி முனைக்கு ஓடினார்கள். நான்தான் கடைசி, நீ முன்னால் போ என்று ஏழு கிரீடமும் முட்டிக்கொண்டது. மகுடவர்மர் எல்லாருக்கும் பின்னால் போய் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, நகர மாட்டேன் என்று சிரித்தார்.

முன்னால் தனியாகக் கயிற்றைப் பிடித்திருந்த கடற்கரையாண்டி திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "ராசாமாரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், யாராவது ஒருத்தர் முன்னால வந்து இழுங்கய்யா! மீனு பாத்துச் சிரிக்குது!"